வெளிநாட்டுப் படிப்பும் மருத்துவக் காப்பீடும்

பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பொருளியல் பயின்றவர் ஒருவர், கடந்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தொலைபேசியில் அழைத்தார். அவர் இப்போது ஒரு சிறு நகரத்தில் கடை நடத்துகிறார். அவருடைய மகன் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் முதுநிலைப் பட்டம் படித்துக் கொண்டிருந்தார். "ஐயா, வாட்ஸ்ஆப்பில் ஒரு இன்ஷூரன்ஸ் பத்திரம் அனுப்பியிருக்கிறேன். கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள். பையனுக்கு இரண்டு நாளாக வயிற்று வலி. ஆஸ்பத்திரிக்குப் போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்கிறான்" என்றார்.

"முதலில் மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள், பிறகு படிக்கலாம்" என்று கூறிவிட்டு அந்த நாற்பது பக்க ஆவணத்தைத் திறந்தேன். பொருளியலில் முனைவர் பட்டம் பெற்ற எனக்கே அதன் சாரத்தைப் புரிந்துகொள்ள ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் அங்கே அந்த இளைஞரை நண்பர்கள் அவசரச் சிகிச்சைப் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். குடல்வால் அழற்சி. இரண்டு நாள் தாமதத்தில் குடல்வால் வெடித்திருந்தது. எளிய அறுவை சிகிச்சையுடன் முடிந்திருக்க வேண்டியது ஒரு வார மருத்துவமனை வாசமாக நீண்டது.

அவரிடம் காப்பீடு இருந்தது. அது எதற்குப் பணம் தரும், எதற்குத் தராது என்பது மட்டும் தெரியாது. அந்த அறியாமையே அவரை இரண்டு நாள் அறையில் முடக்கி வைத்தது. பல்கலைக்கழகத்தின் காப்பீட்டுத் திட்டத்தைவிடக் கட்டணம் குறைவு என்பதற்காக வெளியில் வாங்கிய பாலிசி அது. அறுவை சிகிச்சைக்கு அது தந்த தொகை, மருத்துவமனை கேட்டதில் ஒரு சிறு பகுதிதான்.

வெளியுறவு அமைச்சகம் நாடாளுமன்றத்தில் அளித்த தகவலின்படி, 2024-இல் வெளிநாடுகளில் பயிலும் இந்திய மாணவர்களின் எண்ணிக்கை 13.35 லட்சம். கனடா, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜெர்மனி ஆகியவை அவர்கள் பெருமளவில் செல்லும் நாடுகள். ஐந்தாண்டுக் காலத்தில் 633 இந்திய மாணவர்கள் வெளிநாடுகளில் உயிரிழந்ததாகவும், அவர்களுள் 172 பேர் கனடாவில் இறந்ததாகவும் அதே ஆண்டு ஜூலையில் மக்களவையில் தெரிவிக்கப்பட்டது. விபத்து, இயற்கை மரணம் உள்ளிட்ட அனைத்தும் அடங்கிய எண்ணிக்கை அது. இளமையும் உடல்நலமும் இருப்பதால் காப்பீடு வெறும் சடங்கு என்று எண்ணும் குடும்பங்கள் இந்த எண்ணைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும்.

கல்விக் கட்டணம், விடுதி வாடகை, விமானச் செலவு ஆகியவற்றைப் பைசா சுத்தமாகக் கணக்கிடும் பெற்றோர், காப்பீட்டை மட்டும் விசாவுக்குரிய ஒரு தாளாகவே பார்க்கின்றனர். ஒரு நாட்டுக்குப் படிக்கச் செல்வது என்பது அந்த நாட்டின் மருத்துவ முறைக்குள்ளும் நுழைவதாகும். அந்த முறை எத்தகையது என்பதை அறியாமல் காப்பீட்டுத் திட்டத்தைத் தேர்வு செய்ய இயலாது.

மூன்று வகை நாடுகள்

மருத்துவச் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதை வைத்து, நம் மாணவர்கள் செல்லும் நாடுகளைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கலாம். வரிப்பணத்தில் அரசே சிகிச்சை தரும் நாடுகள் முதல் வகை. அனைவரிடமும் சந்தா வசூலித்துச் சமூகக் காப்பீடாக நடத்தும் நாடுகள் இரண்டாம் வகை. தனியார் காப்பீட்டுச் சந்தையைப் பெரிதும் சார்ந்திருக்கும் நாடு மூன்றாம் வகை. அமெரிக்காவே அதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு.

முதல் வகைக்கு எடுத்துக்காட்டு பிரிட்டன். அங்கு 1948-இல் தொடங்கப்பட்ட தேசிய மருத்துவச் சேவை, சிகிச்சை பெறும் இடத்தில் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால், ஆறு மாதங்களுக்கு மேல் தங்கிப் படிக்க வரும் வெளிநாட்டு மாணவர் விசா விண்ணப்பத்துடன் மருத்துவக் கூடுதல் கட்டணத்தை மொத்தமாகச் செலுத்தியாக வேண்டும். 2015-இல் ஆண்டுக்கு 150 பவுண்டாக அறிமுகமான இக்கட்டணம், மாணவர்களுக்கு 2019-இல் 300, 2020-இல் 470, 2024 பிப்ரவரியில் 776 பவுண்டு என்று உயர்ந்தது. ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கு விசா பொதுவாகப் படிப்பு முடிந்து நான்கு மாதங்கள் வரை நீளும். எஞ்சும் அந்தச் சில மாதங்களுக்குப் பாதிக் கட்டணம் சேர்வதால், 1,164 பவுண்டு செலுத்த நேரிடும்.

இவ்வளவு செலுத்திய பிறகும் பல மாணவர்கள் செய்யத் தவறும் ஒன்று உண்டு: வசிக்கும் பகுதியின் பொது மருத்துவரிடம் பதிவு செய்துகொள்வது. அங்கு சிறப்பு மருத்துவரை அணுகப் பெரும்பாலும் பொது மருத்துவரின் பரிந்துரை வேண்டும். பதிவு செய்யக் கட்டணம் இல்லை. நோய் வந்த பிறகு பதிவு செய்ய ஓடுவதைவிட, சென்ற முதல் வாரத்திலேயே அதை முடித்துவிடுவது நல்லது. பல், கண் சிகிச்சைகளுக்குத் தனிக் கட்டணம் உண்டு. இங்கிலாந்தில் மருந்துச் சீட்டின் ஒவ்வொரு மருந்துக்கும் ஏறத்தாழ 10 பவுண்டு செலுத்த வேண்டும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அக்கட்டணம் இல்லை.

கனடாவைப் பொதுவாக 'மருத்துவம் இலவசமான நாடு' என்கிறோம். மாணவர்களைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான். அங்கே மருத்துவக் காப்பீடு மாகாணங்களின் பொறுப்பில் உள்ளது. ஒன்டாரியோ மாகாணம் 1994-இல் வெளிநாட்டு மாணவர்களை அரசுக் காப்பீட்டிலிருந்து நீக்கியது; அங்குள்ள பல்கலைக்கழகங்கள் தமக்கென ஒரு பொதுக் காப்பீட்டை நடத்துகின்றன. மனிட்டோபா 2018-இல் அதே வழியில் சென்றது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் அரசுக் காப்பீட்டில் சேரலாம். 2020 முதல் மாதம் 75 கனடிய டாலர் கட்டணம். ஆனால், சென்று சேர்ந்த மாதத்தின் எஞ்சிய நாள்களும் அதன்பின் இரண்டு மாதங்களும் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளிக்குத் தனியார் காப்பீடு இல்லாமல் செல்வது பெரும் தவறு. 'கனடா' என்று பொதுவாகக் கேட்காமல், 'எந்த மாகாணம்' என்று கேட்பதே சரியான கேள்வி.

ஆஸ்திரேலியாவிலும் குடிமக்களுக்கு அரசுக் காப்பீடு உண்டு. இந்திய மாணவர்களோ வெளிநாட்டு மாணவர் மருத்துவக் காப்பீட்டை விசா காலம் முழுமைக்கும் வாங்க வேண்டும். அது விசா நிபந்தனை. முன்பே இருக்கும் நோய்களுக்கு 12 மாதங்கள், மனநலச் சிக்கல்களாயின் 2 மாதங்கள் என்று காத்திருப்புக் காலம் உண்டு. சிறப்பு மருத்துவர் வாங்கும் கட்டணம் அரசு நிர்ணயித்த கட்டணத்தைவிடக் கூடுதலாக இருந்தால், அந்த வேறுபாட்டை மாணவரே ஏற்க வேண்டும்.

இரண்டாம் வகைக்கு எடுத்துக்காட்டு ஜெர்மனி. 1883-இல் பிஸ்மார்க் கொண்டுவந்த தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் வழிவந்த முறை அது. முப்பது வயதுக்கு உட்பட்ட மாணவர் பொதுக் காப்பீட்டில் மாணவர் சலுகைக் கட்டணத்தில் சேரலாம். மாதத்துக்கு ஏறத்தாழ 140 யூரோ ஆகிறது. காப்பீட்டுச் சான்று இல்லாமல் பல்கலைக்கழகத்தில் சேர்க்கை கிடையாது. முன்பே இருக்கும் நோய் எதையும் அது விலக்குவதில்லை. கட்டணம் குறைவு என்பதற்காக, பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்குப் பெற்றுத் தனியார் காப்பீட்டுக்குச் செல்லும் மாணவர், அப்படிப்பு முடியும் வரை பொதுக் காப்பீட்டுக்குத் திரும்ப இயலாது. சில யூரோவை மிச்சப்படுத்த முதல் மாதத்தில் போட்ட ஒரு கையெழுத்து பல ஆண்டுகளுக்குப் பின்தொடரும்.

அமெரிக்கக் கணக்கு

இனி மூன்றாம் வகை. ஆய்வாளர்களும் பரிமாற்ற மாணவர்களும் பெறும் ஜே-1 விசாவுக்கு அமெரிக்க அரசு குறைந்தபட்சக் காப்பீட்டை விதித்துள்ளது: ஒரு நோய்க்கு அல்லது விபத்துக்கு ஒரு லட்சம் டாலர், நோயாளியைத் தாய்நாட்டுக்குக் கொண்டுசெல்ல 50,000 டாலர், இறக்க நேர்ந்தால் உடலை அனுப்ப 25,000 டாலர். நம் மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் பெறும் எஃப்-1 விசாவுக்கு அத்தகைய கட்டாயம் எதுவும் இல்லை. முடிவு பல்கலைக்கழகத்தின் கையில். பல பல்கலைக்கழகங்கள் தம் காப்பீட்டைக் கட்டாயமாக்குகின்றன. சில, தகுதியான வேறு பாலிசியைக் காட்டினால் விலக்கு அளிக்கின்றன. சில கண்டுகொள்வதே இல்லை.

'ஏன் எங்களைக் கட்டாயப்படுத்துகிறார்கள்?' என்று மாணவர்கள் கேட்கிறார்கள். பொருளியலில் இதற்கு விடை உண்டு. மருத்துவம் மற்ற சரக்குகளைப் போன்றதன்று. நோய் எப்போது வரும் என்பதும் சிகிச்சை சரியானதா என்பதும் நோயாளிக்குத் தெரியாது என்று 1963-இல் கென்னத் ஆரோ விளக்கினார். விருப்பமுள்ளவர் மட்டும் சேரும் காப்பீட்டில் நோயாளிகளே மிகுதியாகச் சேர்வர், கட்டணம் உயரும், உடல்நலம் உள்ளோர் விலகுவர், கட்டணம் மேலும் உயரும். இந்தப் பாதகத் தேர்வை 1970-இல் ஜார்ஜ் அகர்லோஃப் எடுத்துக்காட்டினார். அனைவரையும் சேர்த்தால்தான் நோயுற்ற ஒருவரின் சுமையைப் பலர் தாங்க முடியும். வெளியில் கிடைக்கும் பாலிசி மலிவாக இருப்பதற்கு முதன்மையான காரணம், நோய் வரக்கூடிய இடங்களை அது முன்கூட்டியே விலக்கி வைத்திருப்பதுதான்.

அமெரிக்கக் காப்பீட்டில் நான்கு எண்களைப் பார்க்க வேண்டும். ஆண்டுக் கட்டணம் முதலாவது. நிறுவனம் பணம் தரத் தொடங்கும் முன் மாணவர் செலுத்தவேண்டிய 'டிடக்டிபிள்' இரண்டாவது. அதன்பின் வரும் செலவில் மாணவரின் பங்கு விழுக்காடு மூன்றாவது. ஓராண்டில் மாணவர் தன் கையிலிருந்து தரவேண்டிய மேல்வரம்பு நான்காவது. நம்மவர்கள் பார்ப்பது முதலாவதை மட்டும்; குடும்பத்தைக் காப்பது நான்காவது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். மருத்துவமனைச் செலவு 30,000 டாலர் என்று கொள்வோம். டிடக்டிபிள் 500 டாலர், மாணவரின் பங்கு 20 விழுக்காடு, மேல்வரம்பு 5,000 டாலர். முதல் 500 போக, எஞ்சிய 29,500-இல் 20 விழுக்காடு 5,900. ஆக மொத்தம் 6,400. ஆனால், மேல்வரம்பு இருப்பதால் மாணவர் தருவது 5,000 மட்டுமே. அதே சிகிச்சையை, திட்டமிட்டே, காப்பீட்டு நிறுவனத்தின் நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவமனையில் செய்துகொண்டால் மாணவரின் பங்கு 40 விழுக்காடு, மேல்வரம்பு பொருந்தாது என்று பாலிசியில் இருக்கலாம். அப்போது அவர் தருவது 12,300 டாலர். மூன்றாவதாக ஒரு மலிவான பாலிசி: 'அறைக்கு நாளொன்றுக்கு 1,000, அறுவை சிகிச்சைக்கு 3,000' என்று ஒவ்வொன்றுக்கும் அளவு நிர்ணயித்த பாலிசி. ஐந்து நாள் தங்கினால் அது தருவது 8,000. மாணவரின் தலையில் விழுவது 22,000 டாலர். என் மாணவரின் மகனிடம் இருந்தது இந்த மூன்றாம் வகைப் பாலிசிதான். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்த காப்பீட்டுத் தொகையை மட்டும் பார்த்து வாங்கியிருந்தார்கள்.

அங்குள்ள சட்டங்கள் தரும் பாதுகாப்பையும் மாணவர் அறிந்திருக்க வேண்டும். 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவசரச் சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைகளில் மிகப் பெரும்பாலானவை, பணம் தரும் வசதியைக் கேளாமல் நோயாளியைப் பரிசோதித்து அபாய நிலையைச் சீராக்க வேண்டும். ஆகவே, உயிருக்கு ஆபத்து என்றால் பணத்துக்கு அஞ்சி வீட்டில் இருக்கக் கூடாது. ஆனால், பில் பின்னர் வரும். அவசர நிலையில் நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவமனைக்குச் சென்றதற்காகக் கூடுதல் கட்டணம் விதிப்பதை 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் பெரிதும் தடுக்கிறது. முறையான மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களுக்கே இது பொருந்தும். சாலைவழி ஆம்புலன்ஸ் இச்சட்டத்தில் அடங்கவில்லை. இலாப நோக்கற்ற மருத்துவமனைகள் எழுத்து வடிவிலான நிதியுதவிக் கொள்கை ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம். பில் வந்ததும் அஞ்சி மறைக்காமல், இனவாரியான பட்டியலைக் கேட்டு, நிதியுதவிக்கு விண்ணப்பித்து, தவணை கோரலாம். என் மாணவரின் மகன் இவ்வழியில்தான் தன் கடனில் ஒரு பகுதியைக் குறைத்துக் கொண்டார்.

அவசரமில்லாத நோய்களுக்கு அவசரச் சிகிச்சைப் பிரிவு மிகச் செலவு மிகுந்த வாசல். காய்ச்சல், சுளுக்கு போன்றவற்றுக்கு முதலில் வளாக மருத்துவ மையத்தை அணுக வேண்டும். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அதன் கட்டணத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே மாணவரிடம் வாங்கப்பட்டிருக்கும். மனநல ஆலோசனையும் அங்கே கிடைக்கும். தனிமை, குளிர், கடன் சுமை, தேர்வு அச்சம் ஆகியவை ஒருசேரத் தாக்கும் முதல் ஆண்டில் அது உடல் மருத்துவத்துக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. அதை நாடுவதால் விசா பாதிக்கப்படும் என்ற வதந்தியை நம்பிப் பலர் ஒதுங்கிவிடுகின்றனர். ஆலோசகரிடம் சென்றதற்காக எவருடைய மாணவர் விசாவும் பறிக்கப்படுவதில்லை.

புறப்படும் முன்னும் பின்னும்

இந்தியாவில் விற்கப்படும் மாணவர் பயணக் காப்பீடு பயனற்றது என்று சொல்ல மாட்டேன். பயணத்தில் பை தொலைந்தால், விமானம் தாமதமானால், சென்று சேர்ந்த முதல் வாரங்களில் உடல்நலம் குன்றினால் அது உதவும். ஆனால், முன்பே இருக்கும் நோய், மகப்பேறு, மனநலம், பல், மது அருந்தியபின் நேரும் விபத்து, போர் ஆகியவற்றை அவற்றுள் பல விலக்குகின்றன அல்லது மிகக் குறுகிய வரம்புக்குள் வைக்கின்றன. எனவே, முகவரிடம் 'எதற்குக் கிடைக்கும்' என்று கேட்பதைவிட 'எதற்குக் கிடைக்காது' என்று கேட்டு, விலக்குகள் உள்ள பக்கத்தை முதலில் படிக்க வேண்டும். ஆஸ்துமா, நீரிழிவு, தைராய்டு போன்றவை இருந்தால் மறைக்கவே கூடாது. மறைத்தது தெரிந்தால் இழப்பீடு முழுவதும் மறுக்கப்படலாம்.

பல், கண் பரிசோதனைகளை இங்கேயே முடித்துக்கொள்வது சிக்கனம். தடுப்பூசிச் சான்று கேட்கும் பல்கலைக்கழகங்கள் பல. அந்த ஊசிகளை இங்கே போட்டுக்கொண்டால் செலவு மிகக் குறைவு. தொடர்ந்து உட்கொள்ளும் மருந்துகளை, மருந்தின் பொதுப்பெயர் எழுதிய மருத்துவரின் சீட்டுடன் எடுத்துச் செல்ல வேண்டும். செல்லும் நாட்டில் அம்மருந்துக்குத் தடை உண்டா என்று முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். காப்பீட்டு அட்டையின் படமும் பாலிசி எண்ணும் மாணவரின் கைப்பேசியில் மட்டுமன்றி, அறைத் தோழர் ஒருவரிடமும் பெற்றோரிடமும் இருக்க வேண்டும். மயங்கிக் கிடப்பவரின் கைப்பேசியைத் திறக்க எவராலும் முடியாது.

மருத்துவப் படிப்புக்காக ரஷ்யா, ஜார்ஜியா, பிலிப்பின்ஸ், கிர்கிஸ்தான் செல்வோருக்குத் தனியாக ஒரு சொல். கட்டணத்திலேயே காப்பீடும் அடங்கும் என்று முகவர்கள் கூறுவர். எவ்வளவு தொகைக்கு, எந்த மருத்துவமனையில், தாய்நாட்டுக்குக் கொண்டுவரும் செலவும் அடங்குமா என்ற மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை பெறாமல் அதை நம்பக் கூடாது.

படிப்பு முடியும் காலம் மற்றோர் அபாயக் கட்டம். பட்டம் பெற்றபின் பல்கலைக்கழகக் காப்பீடு சில வாரங்களில் அல்லது மாதங்களில் முடிந்துவிடும். வேலை கிடைத்து நிறுவனக் காப்பீடு தொடங்கும் வரை மாணவர் வெறுங்கையுடன் நிற்பார். பிரிட்டனில் படிப்புக்குப் பிந்தைய பணி விசாவுக்கு மருத்துவக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண்டு. மாணவர் சலுகை அதில் இல்லை. ஆஸ்திரேலியாவில் மாணவர் காப்பீட்டை விட்டு வேறு வகைக் காப்பீட்டுக்கு மாற வேண்டும். இந்த இடைவெளிக்கான தொகையைப் படிப்புச் செலவின் கணக்கிலேயே எழுதி வைக்க வேண்டும்.

யார் பொறுப்பு?

பெற்றோரையும் மாணவரையும் மட்டும் குறை கூறிப் பயனில்லை. வெளிநாட்டுக் கல்விக்குக் கடன் தரும் வங்கிகள் பல, மாணவரின் பெயரில் ஆயுள் காப்பீடு எடுக்கச் சொல்கின்றன. மாணவர் இறந்தால் கடன் திரும்ப வர வேண்டும் அல்லவா? அவர் உயிரோடு நலமாக இருப்பதற்கான மருத்துவக் காப்பீட்டைப் பற்றி மிகச் சில வங்கிகளே கேட்கின்றன. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் மாணவரின் காப்பீட்டுக் கட்டணமும் கடனில் சேர்க்கத்தக்க செலவாகவே உள்ளது. சேர்க்கைக் கடிதத்தைச் சரிபார்ப்பது போல் மருத்துவக் காப்பீட்டின் தரத்தையும் வங்கி சரிபார்க்கலாம்.

வெளிநாடுகளில் இடருறும் இந்தியர்களுக்காக 2009-இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியச் சமூக நல நிதியிலிருந்து, வசதியற்றோருக்கு அவசரச் சிகிச்சைக்கும், இறந்தோரின் உடலைத் தாயகம் அனுப்பவும் நம் தூதரகங்கள் உதவுகின்றன. இதை அறிந்த குடும்பங்கள் குறைவு. ஒரு மாணவர் இறந்ததும் நண்பர்கள் இணையத்தில் நிதி திரட்டும் காட்சி அடிக்கடி காணக்கிடைக்கிறது. அந்த நண்பர்களின் ஈகை போற்றத்தக்கது. ஆனால், அந்த நிலை வராமல் காக்கும் பாலிசிக்கான கட்டணம், திரட்டப்படும் தொகையில் மிகச் சிறு பகுதிதான்.

மாணவர்களை வெளிநாடு அனுப்பும் முன் நம் கல்லூரிகளும் ஆலோசனை மையங்களும் விசா நேர்காணலுக்குப் பல மணி நேரம் பயிற்சி அளிக்கின்றன. அதில் ஒரு மணி நேரத்தைக் காப்பீட்டுப் பத்திரத்தைப் படிக்கக் கற்றுத்தருவதற்கு ஒதுக்கலாம். ஏனெனில், அந்த ஆவணத்தை முதன்முதலாகப் படிக்கும் நேரம், வலியில் துடிக்கும் மகன் தொலைபேசியில் காத்திருக்கும் நேரமாக இருக்கக் கூடாது.

என் மாணவரின் மகன் நலமடைந்து படிப்பை முடித்துவிட்டார். கடனைத் தீர்க்க அவருக்கு இன்னும் சில ஆண்டுகள் ஆகலாம். இப்போது அவருடைய தங்கை வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறார். சென்ற மாதம் அவர்களுடைய தந்தை மீண்டும் ஒரு பாலிசியை எனக்கு அனுப்பினார். இம்முறை கட்டணம் செலுத்தும் முன்பே அனுப்பியிருந்தார்.